ஃபால்கனுக்கு எத்தனை கால்?

மிலேனியம் ஃபால்கன் விண்கலம் தரையிறங்கும்போது எத்தனை கால் நீட்டும் என்று ஸ்டார் வார்ஸ் ரசிகர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். படத்தை மனப்பாடமாகச் சொல்கிறவரும் ஒரு நிமிடம் விட்டத்தைப் பார்ப்பார். 1977-ல் வந்த முதல் படத்தில் மூன்று கால். 1980-ல் வந்த இரண்டாவதில் ஐந்து. முன்பக்க அடிவயிற்றில் புதிதாக இரண்டு பெட்டி முளைத்திருக்கும். மேலே இருக்கும் டிஷ்ஷும் அப்படித்தான். முதல் மூன்று படங்களில் அது வட்டம். மூன்றாவதில் இடித்துக்கொண்டு பிய்ந்துபோகிறது. 2015-ல் கப்பல் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் செவ்வக டிஷ்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், "1977 படத்தின் அச்சு அசல்" என்று ஒருவர் விற்கும் மாடலில் ஐந்து கால் இருந்தால், மேற்கொண்டு விலை பேச வேண்டியதே இல்லை. செய்தவருக்குத் தெரியவில்லை, அல்லது விற்பவர் பார்க்கவில்லை. இரண்டில் எதுவானாலும் மற்ற இடங்களிலும் அதே அலட்சியம்தான் இருக்கும்.

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன மாதம் வந்து நின்றார். "அண்ணே, ஒரே ஒரு ஃபால்கன் வாங்கப் போறேன். வாழ்க்கைல ஒண்ணுதான். எது வாங்கட்டும்?" கையில் நான்கு படம் வைத்திருந்தார். லெகோவின் பெரிய ஃபால்கன், பண்டாய் நிறுவனத்தின் 1/72 கிட் (நிஜ அளவில் 72-ல் ஒரு பங்கு, துண்டுகளை வெட்டி நாமே கட்டுவது), வாரப் பத்திரிகையோடு துண்டு துண்டாக நூறு இதழில் வந்த டிஅகோஸ்டினி பதிப்பகத்தின் ஃபால்கன் (பழையது, ஒருவர் கட்டி முடித்தது), கென்னர் நிறுவனம் 1979-ல் விட்ட பொம்மை. நான்கும் ஒரே கப்பல். ஆனால் நான்கும் ஒரே பொருள் கிடையாது. சட்டை, வேட்டி, பட்டுத்துணி, போர்வை எல்லாம் துணிதானே என்று ஒரே தராசில் வைக்க முடியுமா?

சரி, தராசுகளைப் பிரித்துக்கொள்வோம். முதலில் தரம். அதற்கு இந்தக் கப்பல் எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் படத்துக்காகக் கலிபோர்னியாவின் வான் நைஸ் பகுதியில் ஒரு கிடங்கில் ஐந்தடி நீள ஃபால்கன் ஒன்றைக் கட்டினார்கள். அதற்கு முன்பே வேறு வடிவத்தில் ஒன்று தயாராகியிருந்தது. அது அப்போது டிவியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தொடரின் கப்பலைப் போல இருக்கிறது என்று கடைசி நேரத்தில் ஒதுக்கிவிட்டு, இந்தத் தட்டையான உருவத்துக்கு மாறினார்கள். ஒதுக்கிய கப்பல் வீணாகவில்லை. முதல் படத்தின் முதல் காட்சியில் துரத்தப்படும் கப்பல் அதுதான். புது ஃபால்கனின் மேலே ஒட்டிய குழாய், பெட்டி, பட்டை எல்லாம் எங்கிருந்து வந்தன? கடையில் விற்ற டாங்கி கிட், போர் விமான கிட், ஓட்டப் பந்தய கார் கிட் ஆகியவற்றை உடைத்து எடுத்த துண்டுகள். இப்படி ஒட்டும் சில்லறைத் துண்டுகளுக்கு மாடல்காரர்கள் வைத்த பெயர் கிரீப்ளி. ஆக, இன்று நாம் "துல்லியமான விண்கலம்" என்று காசு கொடுத்து வாங்குவது, டாங்கிச் சக்கரமும் இன்ஜின் மூடியும் ஒட்டிய ஒரு மரம்-பிளாஸ்டிக் பொருளின் நகலை.

இதனால்தான் நல்ல ஃபால்கன் மாடலில் எந்த இரண்டு இடமும் ஒன்றுபோல் இருக்காது. மனிதக் கை, அந்த நேரத்துக்குத் தோன்றியபடி ஒட்டியது அது. மட்டமான மாடலில் வடிவமைத்தவர் ஒரு சதுரத்துக்குச் சில்லறை வரைந்துவிட்டு அதையே நான்கு இடத்தில் திருப்பித் திருப்பிப் போட்டிருப்பார். கோலத்துக்கு அது அழகு, ஃபால்கனுக்கு இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பின்பக்க மேல்தளத்தைப் பாருங்கள். அங்கே வட்டமான வெளியேற்றத் துவாரங்கள் வரிசையாக இருக்கும். அவற்றின் உள்ளே வலை தெரிகிறதா, அல்லது வெறும் கறுப்புப் பொட்டா? உள்ளே பார்க்க முடிந்தால் செய்தவர் சிரத்தையானவர்.

அடுத்தது கோட்டின் தடிமன். பேனல் லைன் என்று சொல்லும், தகடும் தகடும் சேரும் இடத்துக் கோடு. இதற்கு அளவுகோல் தேவையில்லை, பெருக்கல் போதும். 1/72 அளவு மாடலில் கோடு அரை மில்லிமீட்டர் அகலம் என்றால், நிஜக் கப்பலில் அது 36 மில்லிமீட்டர் இடைவெளி. ஒத்துக்கொள்ளலாம், பழைய கப்பல். அதே அரை மில்லிமீட்டர் கோட்டை 1/350 மாடலில் போட்டால் 175 மில்லிமீட்டர் பள்ளம் ஆகிவிடும். ஏறக்குறைய ஒரு ஜாண் அகலப் பள்ளம் உள்ள கப்பலில் யார் ஏறுவார்கள்? சின்ன டை-காஸ்ட் (அச்சில் வார்த்த உலோக) மாடல்கள் பல, கையில் எடுத்ததும் "பொம்மை" என்று மனசு சொல்லிவிடுவதற்கு இதுதான் காரணம். கண் கணக்குப் போட்டுவிடுகிறது, நமக்குத்தான் சொல்லத் தெரிவதில்லை.

மூன்றாவது, மாடலை மேஜையில் வைத்துவிட்டுக் கண் மட்டத்துக்குக் குனிந்து எதிரே நின்று பார்ப்பது. ஃபால்கனின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தாடைகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? ஒன்று லேசாகத் தொங்கினாலும் போதும், கப்பலுக்குப் பக்கவாதம் வந்தது போல ஆகிவிடும். மேலிருந்து எடுத்த படத்தில் இந்தக் குறை தெரியவே தெரியாது. அதனால் விற்பவர்கள் மேலிருந்துதான் படம் எடுப்பார்கள். எதிரே இருந்து ஒரு படம் கேளுங்கள். தர மறுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இந்தத் தாடை விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன். சில வருடம் முன்பு ரெசின் (அச்சில் ஊற்றினால் இறுகும் பிசின்) வார்ப்பு ஃபால்கன் ஒன்றை இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன். பெயர் வேண்டாம். வந்தபோது நேராகத்தான் இருந்தது. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை, ஏப்ரல் மாதம். மூன்றே வாரத்தில் இடது தாடை தலைகுனிந்தது. வெந்நீரில் முக்கி, இளகியதும் கையால் நேராக்கி, அப்படியே பச்சைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றேன். நேரானது. அடுத்த ஏப்ரலில் மறுபடி குனிந்தது. மெல்லிய, நீளமான, உள்ளே கம்பி இல்லாத ரெசின் நம் ஊர் வெயிலுக்கு இப்படித்தான். ரெசின் வாங்குவதென்றால் "உள்ளே உலோகக் கம்பி இருக்கிறதா?" என்பது முதல் கேள்வி. வீட்டிலேயே 3டி பிரின்டரில் அச்சிட்டு விற்பவர்களின் மாடலுக்கும் இது பொருந்தும். கூடவே, விரலால் தடவினால் மரப்பட்டை வளையம் போல வரி தட்டுப்படுகிறதா, ரெசின் பிரின்ட் என்றால் இன்னும் பிசுபிசுப்பு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். பிசுபிசுத்தால் சரியாகக் கழுவி ஒளியில் இறுக்கவில்லை. மேலே பெயின்ட் நிற்காது.

இனி தம்பியின் பட்டியல்.

லெகோவில் ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அவர் பாதி முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். 75192 என்ற எண். 2017-ல் வந்தபோது 7,541 துண்டு, 800 டாலர். பிறகு 850 டாலராக ஏறியது. நீளம் 84 சென்டிமீட்டர், அகலம் 56. வட்ட டிஷ், செவ்வக டிஷ் இரண்டுமே பெட்டியில் உண்டு, பழைய படத்து ஆட்களும் புதுப் படத்து ஆட்களும் உண்டு. அதனால் "எந்தப் படத்து ஃபால்கன்" என்ற சண்டையே வராது. கட்டும் அனுபவம் பிரமாதம் என்று கட்டியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்வேன். உள்ளே எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டகம் எழுந்து, அதன்மேல் தகடு தகடாகத் தோல் மூடும்போது வரும் திருப்தி வேறு.

ஆனால் தரத்தை மேலே சொன்ன தராசில் வைத்தால் லெகோ தோற்கும். தோற்பதுதான் முறை. மேலே குமிழ் குமிழாகத் தெரியும் ஒரு பொருளிடம் கோட்டின் தடிமனைக் கேட்பது நியாயமில்லை. இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் அது "லெகோவில் செய்த ஃபால்கன்", ஃபால்கன் ஆகாது. அப்புறம் ஒரு நடைமுறைச் சங்கடம். மேல் தகடுகள் பல இடத்தில் சும்மா சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கும். தூசி தட்ட ஒருவர் ஆர்வமாகத் தூக்கினால் தகடு கையோடு வந்துவிடும். சாய்த்து வைக்கிற ஸ்டாண்ட் பெட்டியில் வராது, வேறு ஆட்களிடம் தனியாக வாங்க வேண்டும்.

லெகோவின் பலம் மதிப்பில் இருக்கிறது, அதிலும் திரும்ப விற்கும்போது. துண்டுகளை எண்ணிவிடலாம். தொலைந்தது தனியாகக் கிடைக்கும். ஒவ்வொரு குமிழின் தலையிலும் பெயர் பொறித்திருப்பதால் போலி எது என்று பூதக்கண்ணாடி இருந்தால் பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லிவிடுவான். இந்தப் போலி பயம் வெறும் பேச்சில்லை. லெப்பின் என்ற பெயரில் சீனாவில் லெகோவின் ஃபால்கனை அப்படியே பிரதி எடுத்து விற்றார்கள். 2019-ல் ஷாங்காய் போலீஸ் சோதனை நடத்தி அச்சுகளோடு பிடித்தது, அடுத்த வருடம் நீதிமன்றம் அதன் தலைவருக்கு ஆறு வருடச் சிறை விதித்தது. பழைய பொருள் சந்தையில் அந்தப் பிரதிகள் இன்னும் சுற்றுகின்றன, பெட்டி இல்லாமல், "கட்டி வைத்தது" என்ற பெயரில்.

"லெகோ வாங்கினா தங்கம் மாதிரி விலை ஏறும்னு சொல்றாங்களே அண்ணே?" என்றார் தம்பி. சொல்கிறார்கள். அதற்கு முந்தைய பெரிய ஃபால்கனின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 10179 என்ற எண்ணோடு 2007-ல் வந்தது, 5,195 துண்டு, 500 டாலர். தயாரிப்பு நின்றபின் பிரிக்காத பெட்டிக்குச் சில ஆயிரம் டாலர் கொடுத்தார்கள். 2017-ல் அதைவிடப் பெரியது வரப்போகிறது என்று லெகோ அறிவித்ததும் பழையதன் விலை சரிந்தது. அதுவரை காத்திருந்து விற்காதவர்கள் கையைப் பிசைந்தார்கள். பொருள் அதேதான், ஒரு துண்டுகூடக் குறையவில்லை. அதன் மதிப்பில் பாதி "இதைவிட நல்லது இல்லை" என்ற நிலைமையில் இருந்தது. அந்த நிலைமை லெகோவின் கையில் இருந்தது. புதிது இன்னும் கடையில் கிடைக்கும் வரை, முதலீடு என்று சொல்லி 75192-ஐப் பரணில் ஏற்றுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

பண்டாய் கிட் வேறு ஜாதி. இங்கேதான் நான் ஒருதலைப்பட்சம் என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்கிறேன். கதைப்படி ஃபால்கனின் நீளம் 34.75 மீட்டர் என்கிறார்கள். 72-ஆல் வகுத்தால் 48 சென்டிமீட்டர். 2017-ல் பெர்ஃபெக்ட் கிரேட் என்ற பெயரில் ஜப்பானில் 40,000 யென்னுக்கு வந்தது. பிறகு விளக்கு சர்க்யூட் இல்லாத மலிவுப் பதிப்பும் வந்தது. 1977 படத்துக்குக் கட்டிய அந்த ஐந்தடி மாடலைப் பார்த்துச் செய்தது இது. எண்ணிப் பாருங்கள், மூன்றே கால்.

துண்டுகள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒன்றை வெட்டி எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். அரிசியில் பாதி அளவு இருக்கும் ஒரு பெட்டியின் ஓரம்கூடக் கத்தியால் சீவியது போல இருக்கிறது. பக்கச் சுவரில் அடுக்கடுக்காகத் திணித்த குழாய்களில் எது எந்தப் பழைய டாங்கி கிட்டிலிருந்து வந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கிற ஆட்கள் உண்டு. அவர்களுக்கு அந்த அடையாளம் தெரிகிற அளவுக்குச் செதுக்கல் இருக்கிறது. பசை வேண்டாம், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் அந்தந்த நிறத்திலேயே வார்த்திருக்கும். ஒட்டுவதற்கு நீர் டெகாலும் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஸ்டிக்கரும் இரண்டும் கொடுக்கிறார்கள். ஸ்டிக்கரைத் தொடாதீர்கள், ஓரம் தடித்துத் தெரியும், நம் ஊர் வியர்வைக் காலத்தில் உரிந்தும் வரும்.

இதன் குறை என்ன? பெட்டியில் இருப்பதை அப்படியே கட்டி வைத்தால் அது சோப்பு டப்பா மாதிரி பளபளக்கும். மேட் வார்னிஷ் ஒரு கை அடித்து, கோடுகளில் நீர்த்த பழுப்பு பெயின்டை ஓடவிட்டுத் துடைத்த பிறகுதான் கப்பலுக்கு வயசு வரும். இதற்கு இரண்டு மூன்று வார மாலைகள் வேண்டும். ஃபால்கனின் அழுக்குக்குத் திசை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்: இன்ஜின் புகையும் எண்ணெய்க் கசிவும் முன்னிருந்து பின்னாகத்தான் ஓடும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கறுப்பு பூசியிருந்தால் அது அழுக்கு இல்லை, அடுப்புக்கரி. வேறொருவர் கட்டிய மாடலை வாங்கும்போதும் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

மறுவிற்பனை என்று வந்தால், பிரிக்காத பெட்டிக்கு மதிப்பு உண்டு. கட்டியதற்கு உங்கள் கைவேலையைப் பொறுத்து. சுமாரான கை என்றால் வாங்கிய விலையில் கொஞ்சம்தான் திரும்பும். கிட் விஷயத்தில் நீங்கள் காசு கொடுப்பது அந்த மாலைகளுக்கும் சேர்த்துத்தான். உட்கார நேரமில்லாதவர் கிட் வாங்குவது, சமைக்காதவர் அம்மிக்கல் வாங்குவது போல. என் அலமாரியிலும் பிரிக்காத பெட்டி ஏழு இருக்கிறது, அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

டிஅகோஸ்டினி ஃபால்கனைப் பார்த்ததும் தம்பிக்குக் கண் விரிந்தது. விரியும். 1/43 அளவு, 80 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். 1980 படத்துக்குக் கட்டிய இரண்டாவது மாடல் 32 அங்குலம். கணக்குப் பார்த்தால் இதுவும் ஏறக்குறைய அதே அளவு. அதாவது, படப்பிடிப்பில் கேமராவுக்கு முன்னால் நின்ற பொருள் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிது. உலோகச் சட்டகம், முன்னரே அழுக்கு பூசி வந்த தகடுகள், உள்ளே விளக்கு. வாரம் ஓர் இதழ், இதழோடு சில துண்டு, இப்படி நூறு இதழ். முடிந்த கப்பல் அருமையாக இருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் இந்த முறையில் வாங்கும் எதிலும் ஓர் ஆபத்து ஒட்டிக்கொண்டே இருக்கும். பாதியில் நின்றால் உங்களிடம் இருப்பது அரைக் கப்பல். அதற்கு விலை பாதி கிடையாது, பழைய இரும்புக்காரர் கொடுப்பதுதான். இதே வியாபாரத்தில் இருந்த ஈகிள்மாஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 2022-ல் நொடித்துப்போனபோது மாதாமாதம் துண்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். அதே நிறுவனம் 2013 முதல் ஸ்டார் ட்ரெக் கப்பல்களை உள்ளங்கை அளவில் தொடராக விட்டது. பத்திரிகையோடு வரும், பாதி உலோகம், பாதி பிளாஸ்டிக். அவை முழுப் பொருளாக வந்ததால் வாங்கியவர்களுக்கு நஷ்டமில்லை. தொடரின் கடைசிக் கட்டத்தில் வந்த, குறைவாக விற்ற கப்பல்களைத்தான் இன்று தேடுகிறார்கள். பிரபலமான கப்பல் மலிவு, யாருக்கும் பெயர் தெரியாத கப்பல் கிராக்கி. தொடர் சேகரிப்பில் இந்த விநோதம் எப்போதும் உண்டு.

தம்பி பார்த்தது ஒருவர் கட்டி முடித்த டிஅகோஸ்டினி. கட்டி முடித்ததை வாங்குவதென்றால் மூன்று கேள்வி போதும். விளக்கு எல்லாம் எரிகிற வீடியோ, அடிப்பக்கப் படம், ஸ்க்ரூ தலைகள் நசுங்காமல் இருக்கின்றனவா என்பது. உள்ளே போன ஒயர் ஒன்று அறுந்திருந்தால் தோல் முழுக்க உரித்துத்தான் கைவைக்க முடியும். பிறகு அனுப்பும் செலவு. இந்த எடையும் பெட்டியின் கன அளவும் சேர்ந்து வெளிநாட்டிலிருந்து வரும்போது சரக்குக் கட்டணமே மலைப்பாக இருக்கும். வழியில் ஒரு தாடை ஒடிந்தால் யாரைக் கேட்பது?

கடைசியாகக் கென்னர். 1979 பொம்மை. மூன்றே முக்கால் அங்குல ஆட்களை உள்ளே உட்கார வைப்பதற்காகச் செய்தது. அதனால் காக்பிட் வீங்கியிருக்கும், மேல் மூடியைக் கழற்றிவிடலாம். துல்லியத்தைப் பற்றிப் பேசவே கூடாது. இதை வாங்குபவர் வாங்குவது அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ஒரு குழந்தையின் 1979 தீபாவளியை. அவர்களுக்குக் கிறிஸ்துமஸ். நமக்கு அந்த நினைவு கிடையாது, நேர்மையாகச் சொன்னால். எண்பதுகளில் என் வீட்டில் இருந்த ஒரே விண்கலம், சாவி கொடுத்தால் தரையில் சுற்றும் ஒரு தகரத் தட்டுதான். அடுத்தவர் ஏக்கத்துக்கு ஏன் நாம் விலை கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். தம்பி சிரித்தார், படத்தை மட்டும் கீழே வைக்கவில்லை.

வாங்கியே தீருவேன் என்பவருக்கு இவ்வளவு: இந்தப் பொம்மையின் விலையைத் தீர்மானிப்பது கப்பலைவிட அதன் உதிரிகள். டிஷ், சதுரங்க மேஜை, நூலில் தொங்கும் பயிற்சிப் பந்து, பேட்டரி மூடி. தொலையக்கூடிய எல்லாமே தொலைந்திருக்கும். இவற்றுக்குப் புதிதாக வார்த்த நகல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அசலைவிட நிறம் கொஞ்சம் வேறு, ஓரம் கொஞ்சம் மழுங்கல். "முழுமையானது" என்று போட்டிருந்தால் "எல்லாம் அசலா, எது நகல்?" என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்து பேட்டரி அறை. வருடக்கணக்கில் உள்ளேயே விட்ட பேட்டரி கசிந்து, தகட்டில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருக்கும். லேசாக இருந்தால் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்தால் போகும். ஸ்ப்ரிங் அரித்துப்போயிருந்தால் ஓசை வராது. பிளாஸ்டிக் மஞ்சளாகியிருக்கிறதா என்பதை ஸ்டிக்கரின் ஓரத்தில் பார்க்க வேண்டும். ஸ்டிக்கர் கொஞ்சம் உரிந்த இடத்தில் அடியில் வெளிர் சாம்பலும் சுற்றிலும் டீக்கறையும் இருந்தால் வெயில் பட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுப்பாக்கியதும் சந்தைக்கு வருகிறது. அது சிலசமயம் மறுபடி மஞ்சளாகும்.

உலோகப் பழசுக்கு இன்னொரு நோய் உண்டு. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்துவிட்டால் பல வருடம் கழித்து உலோகம் உள்ளிருந்தே வெடித்து, பொரித்த அப்பளம் போல உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி என்ற பிரிட்டிஷ் உலோகப் பொம்மைகளில் இது பிரசித்தம். எழுபதுகளில் வந்த டிங்கி விண்கலங்களை வாங்கினாலும், பெயின்ட்டுக்கு அடியில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். கனமாக இருக்கிறது, அதனால் தரம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொன்னேன்.

மதிப்பைப் பற்றி இன்னும் ஒன்று. செய்தித்தாளில் வரும் ஏலத் தொகைகள் நம்மைக் குழப்பும். கிரெக் ஜீன் என்ற மாடல் கலைஞர் காலமான பிறகு அவர் சேகரிப்பில் அட்டைப்பெட்டிக்குள் முதல் படத்து எக்ஸ்-விங் போர் விண்கல மாடல் ஒன்று கிடைத்தது. 2023 அக்டோபரில் அது 31 லட்சத்து 35 ஆயிரம் டாலருக்குப் போனது. 2006-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஸ்டார் ட்ரெக் தொடரின் ஆறடி என்டர்பிரைஸ்-டி விண்கல மாடல் 5,76,000 டாலருக்குப் போனது. 25 முதல் 35 ஆயிரம் போகும் என்றுதான் மதிப்பிட்டிருந்தார்கள். இவை கேமரா முன்னால் நின்ற பொருள்கள். இவற்றின் விலைக்கும் உங்கள் மாடலின் விலைக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனாலும் "லிமிடெட் எடிஷன், சான்றிதழோடு" என்று விற்பவர்கள் இந்தச் செய்தியை மனத்தில் வைத்துத்தான் விலை சொல்கிறார்கள். எண் பொறித்த தகடு 5,000 பேரிடம் இருந்தால் அது அரிய பொருள் ஆகாது. தொழிற்சாலையே அச்சிட்ட சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை மாதிரி. அழகாக இருக்கும், எதையும் நிரூபிக்காது. கேட்கும் விலையையும் பார்க்காதீர்கள். விற்று முடிந்த பட்டியலைப் பாருங்கள், கடைசி ஐந்தாறு விற்பனையின் நடுவிலை எதுவோ அதுதான் விலை.

இந்தியாவில் வாங்குபவருக்கு இன்னொரு கணக்கும் சேரும். பொம்மை இறக்குமதித் தீர்வை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. அளவு மாடல்களும் அதே தலைப்பில்தான் வருகின்றன. 2021 ஜனவரியிலிருந்து பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் கட்டாயம். அதனால்தான் கடைக்காரர் சொல்லும் விலை ஜப்பான் விலையைப் பார்த்த கண்ணுக்கு அநியாயமாகத் தெரிகிறது. அவரைத் திட்டிப் பயனில்லை. அதே சமயம், திரும்ப விற்கும்போது அந்தத் தீர்வையை உங்களுக்கு யாரும் தரப்போவதும் இல்லை. அதைச் செலவு என்றே எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொன்னபிறகு தம்பி, "நேரா சொல்லுங்கண்ணே" என்றார். நேராகச் சொன்னேன். குழந்தைகளோடு சேர்ந்து கட்ட, எப்போதாவது மனம் மாறினால் விற்க, லெகோ. காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பண்டாய் 1/72, அதுவும் விளக்கில்லாத பதிப்பு. மிச்சக் காசுக்குத் துண்டு வெட்ட நல்ல நிப்பரும் மேட் வார்னிஷும். டிஅகோஸ்டினி, அதே ஊரில் நேரில் போய்ப் பார்த்து நீங்களே காரில் ஏற்றிவர முடிந்தால் மட்டும். கென்னர் வேண்டாம்.

"சரி, எங்க வைக்கப் போறீங்க?" என்றேன். அதை அவர் யோசிக்கவில்லை. அன்று இரவு வீட்டு ஷோகேஸின் படத்தை அனுப்பினார், குறுக்கே டேப்பை நீட்டிப் பிடித்தபடி. நீளம் ஒன்றரை மீட்டர் இருக்கிறது. ஆழம், கண்ணாடிக் கதவு வரை, 40 சென்டிமீட்டர். லெகோவின் அகலம் 56. பண்டாய் 36-க்குள் அடங்கும். அடுத்த செய்தியில் நிப்பர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டிருந்தார்.